கல்லாவில் வந்த மயில் நோட்டும் லாங்கு பஜார் பாய் கடையும்

போன ஆடியில் ஒரு ராத்திரி, கடை சாத்தும் நேரம், கல்லாவில் சேர்ந்த பத்து ரூபாய் நோட்டுகளை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் தட்டி அடுக்கினால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும், ஒன்று மட்டும் ஓரத்தில் துருத்திக்கொண்டே நின்றது. 1996 வரிசையில் வந்த ஆரஞ்சு நிறக் காந்தி நோட்டு, 2018-ல் வந்த பழுப்பு நோட்டைவிட 14 மில்லிமீட்டர் நீளம், இரண்டும் கலந்தால் கட்டு சரியாக உட்காராது, இது எங்களுக்குப் பழகிய தொல்லைதான். அதுதான் என்று நினைத்து உருவினால் காந்தியே இல்லை. முன்பக்கம் அசோகச் சிங்கம், திருப்பினால் மயில்கள். நிறம் பழுப்பு என்பதால் புது நோட்டோடு நோட்டாகக் கலந்து வந்துவிட்டது. வாங்கும்போது நானும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் பார்த்திருக்க மாட்டார்.

அந்த நோட்டால்தான் இந்தக் கடை எனக்குத் தெரிய வந்தது. ஒரு வருஷமாகப் போய் வருகிறேன், இப்போதாவது நாலு பேருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். வேலூர் லாங்கு பஜாரில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே உள்ளே போகும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பாத்திரக் கடைக்காரர்களிடம் 'பழைய நோட்டு பாய்' என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

முதலில் எங்கள் மெஸ்ஸைப் பற்றி இரண்டு வரி, இல்லாவிட்டால் மற்றது புரியாது. காந்தி ரோட்டுப் பக்கம் சின்ன இடம், நானும் எங்க வீட்டுக்காரரும் நடத்துகிறோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்காளம், அசாம், ஜார்கண்டு, திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள், எங்களிடம் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுகிறார்கள். "தீதி, குச்ரோ" என்று சில்லறையைக் கையில் கொட்டிவிட்டுப் போவார்கள். குச்ரோ என்றால் அவர்கள் பாஷையில் சில்லறை. ஊரில் உண்டியலை உடைத்து, பெரியவர்கள் பெட்டிக்கடியில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வைத்தியத்துக்கு ரயிலேறி வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். வேலூர்க் கல்லாக்களில் பழைய நோட்டு இப்படி விழுவதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன், பாயும் அதையேதான் சொன்னார். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஒருவரும், ஆஸ்பத்திரி எதிரே மருந்துக்கடையில் இருக்கும் ஒரு பையனும் இதேபோல நோட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் வருகிறார்களாம்.

மயில் நோட்டு கிடைத்த ராத்திரி நானும் எல்லாரையும்போலத்தான் போனில் தேடினேன். ஒரு வீடியோவில் லட்சம், இன்னொன்றில் ஐந்து லட்சம். நம்பியிருப்பேனோ என்னவோ, ஆனால் எங்கள் அடுக்களையில் காய் நறுக்கும் அக்காவுக்கு நடந்தது ஞாபகம் வந்தது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று எவனோ சொல்ல, பதிவுக் கட்டணம் என்று ஒரு தடவை, வரி என்று ஒரு தடவை, மொத்தம் 1,850 ரூபாய் அனுப்பிவிட்டார். அப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை. அது அவர் மகள் பள்ளிக்கு எடுத்துவைத்த காசு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. தன் பெயரையும் முத்திரையையும் காட்டி, பழைய நோட்டு நாணயத்துக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் கேட்கிறார்கள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அது அக்கா மாதிரி ஆட்கள் காதுக்கு வந்து சேரவில்லை, வீடியோதான் வந்து சேர்ந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் நோட்டை ஒரு சாமி காலண்டர் தாளில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் நாணயங்கள், பின்னால் மரப் பலகையில் ஆல்பங்கள், மேலே ஒரே ஒரு டியூப்லைட். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மடித்துக் கொண்டுபோனதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா, நாப்பது வருஷம் தாங்கி வந்த நோட்ட நீ ஒரு மடி மடிச்சு எடுத்தாந்துட்டியே" என்றார். திட்டுகிற மாதிரி இல்லை, வலிக்கிற மாதிரி சொன்னார்.

அப்புறம் அவர் பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறியை (வாட்டர்மார்க்) பார்த்தார், அசோகச் சிங்கம் தெரிந்தது. இடது பக்கம் இரண்டு பொட்டு ஓட்டை இருந்தது, நான் அதைக் கிழிசல் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் வங்கியில் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள், பிறகுதான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொல்லி காகிதப் பட்டை வந்தது, அதனால் பழைய நோட்டில் பின் ஓட்டை இருப்பது ஒரு குறையே இல்லை என்றார். குறை எது என்றால் மடிப்பு. லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிந்த இடம் லென்ஸுக்குக் கீழே வாய்க்கால் மாதிரி இருந்தது, மை உதிர்ந்து காகிதத்தின் நார் வெளுப்பாகத் தெரிந்தது. நாலாக மடித்த நோட்டு, எத்தனை வருஷம் யார் மடியில் கிடந்ததோ. ஓரத்தில் யாரோ பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தார்கள். மொழிப் பட்டையில் 'பத்து ரூபாய்' என்ற தமிழ் எழுத்து மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது.

கடைசியாகக் கையெழுத்து. ஆளுநர் மன்மோகன் சிங். எனக்கு அவரைப் பிரதமராகத்தான் தெரியும், 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாய் ஒரு ஆல்பத்தை எடுத்து ஒரு ரூபாய் நோட்டு ஒன்றைக் காட்டினார், அதிலும் அதே கையெழுத்து. ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுவதில்லை, மத்திய அரசே வெளியிடுகிறது, அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுவார், மற்ற நோட்டில் வரும் 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் அதில் இருக்காது. மன்மோகன் சிங் 1976 முதல் 1980 வரை அந்தப் பதவியில் இருந்ததால் அவர் கையெழுத்து இரண்டு வகை நோட்டிலும் இருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணனும் அப்படித்தான், எண்பதுகளில் ஒரு ரூபாயில், 1990-92-ல் ஆளுநராக மற்ற நோட்டுகளில். சக்திகாந்த தாஸும் 2017-ல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டுவிட்டு அப்புறம் ஆளுநரானார். இப்படி இருபது நிமிஷம் சொன்னார், நான் வாங்கப் போகிறேனா விற்கப் போகிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானாகக் கேட்டபோது சொன்ன விலை, நாற்பது ரூபாய். இதே நோட்டு மடிப்பே இல்லாத சலவை நோட்டாக இருந்திருந்தால் நாலைந்து மடங்கு தந்திருப்பேன் என்றார். மன்மோகன் சிங் 2024 டிசம்பரில் இறந்தபோது நிறைய பேர் தேடி வந்தார்களாம், ஆனாலும் இது ஏராளமாக அச்சடித்த நோட்டு, அரிதானது கிடையாது. "விக்காத. நாப்பது ரூபாய்க்கு ரெண்டு டீதான் வரும், நோட்டு வராது" என்றார். விற்கிற கடைக்காரர் இப்படிச் சொல்வாரா? எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். விற்கவில்லை. அதற்கு ஜோடியாக 1978-ஆம் வருஷத்து ஒரு ரூபாய் நோட்டை அவரிடம் அறுபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தேன், இப்போது இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு என் கல்லா எண்ணும் வழக்கமே மாறிவிட்டது. ராத்திரி கால் மணி நேரம் கூடுதலாகிறது, எங்க வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பாய் சொல்லிக்கொடுத்தபடி முதலில் நீளம், அடுத்து நோட்டின் பின்பக்கம் கீழே அச்சிட்ட வருஷம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். காந்தி நோட்டில் 2005-லிருந்துதான் வருஷம் போட ஆரம்பித்தார்கள். வருஷம் இல்லாத காந்தி நோட்டுகளை ரிசர்வ் வங்கி 2014-ல் திரும்பப் பெற ஆரம்பித்தது, செல்லாது என்று சொல்லவில்லை, ஆனால் புழக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறது. ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் கையெழுத்தோடு ஆரஞ்சுப் பத்து ரூபாய் இதுவரை எனக்கு ஏழு கிடைத்திருக்கிறது, எல்லாம் கசங்கியவை. அடுத்தது ஸ்டார் நோட்டு. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துக்கும் ஆறு இலக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைப்பது அது, 2006-ல் பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் தொடங்கினார்கள். இதை அள்ளிக்கொண்டுபோய் முதல் மாதம் பாயிடம் கொட்டினேன். முப்பதில் மூன்றைத்தான் எடுத்துக்கொண்டார், அதுவும் மடிப்பில்லாதவை, இரண்டு மடங்கு விலை கொடுத்தார், மற்றதை "மெஸ்ஸுலயே செலவு பண்ணும்மா" என்று திருப்பிவிட்டார்.

ஒரு தடவை பத்து ரூபாய் என்று வாங்கியது பூட்டான் நோட்டாக இருந்தது. ஙுல்ட்ரம் என்று பெயர், நம் ரூபாய்க்குச் சமமான மதிப்பு, எல்லைப் பக்கத்து ஊர்க் கடைகளில் கலந்தே புழங்குவதால் யாரோ தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பாய் அதை வாங்கவே இல்லை, பத்து ரூபாய் நஷ்டம் என்று நினைக்காதே, ஒரு நாடு உன் கல்லாவுக்கு வந்திருக்கிறது என்று சொல்லி ஒரு உறையை மட்டும் சும்மா கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதம் ஒரு வங்காளத்து அம்மா, கணவரை ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார், காலையில் டிபனுக்குக் காசு கொடுக்கும்போது பத்து ரூபாய்களுக்கு நடுவே ஒரு ரூபாய் சலவை நோட்டு ஒன்று சேர்ந்து வந்துவிட்டது. ஓரத்தில் குங்குமப் பொட்டு. பூஜையில் வைத்த நோட்டு என்று பார்த்தவுடனே தெரிந்தது. மடிப்பே இல்லை, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மதியம் அவர் சாப்பிட வந்தபோது திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார், அவர்கள் வீட்டு லட்சுமி பூஜை நோட்டாம், பையில் தேடித் தேடி அழுதிருக்கிறார். பாயிடம் சொன்னபோது, தன்னிடம் வருகிற நோட்டில் மஞ்சள், குங்குமம் இருந்தால் விற்க வந்தவரை உட்காரவைத்து இரண்டு தடவை கேட்பேன் என்றார். அதை அவர் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பையன் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த இரண்டு ரூபாய் நோட்டுகளை நீட்ட, பாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சட்டத்திலும் சரியாக இருக்கிறார். ஒரு நாள் ஒருவர் செல்லாத ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்தார். பாய் தொடவே இல்லை. 2017-ல் வந்த சட்டப்படி 2016-ல் செல்லாததாக்கிய நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படிப்பு, ஆய்வு, சேகரிப்புக்கு என்றால் 25 வரை, மீறினால் அபராதம். வந்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை, பாய் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

பொருள்களைப் பற்றி. நான் முதலில் ஆல்பம் வாங்கியது வேறு ஒரு கடையில், மலிவாகக் கிடைத்தது, உறை வளையும் பிளாஸ்டிக்காக இருந்தது. சித்திரை வெயிலில், வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அந்த உறை வியர்த்த மாதிரி பிசுபிசுத்து இரண்டு ரங்கராஜன் நோட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து எடுக்கும்போது ஒன்றின் மேல் தோல் வந்துவிட்டது. பாய் அந்த ஆல்பத்தை மூக்கருகே வைத்து மோந்துபார்த்துவிட்டு பி.வி.சி. என்றார். அவர் விற்பது விறைப்பான பாலியெஸ்டர் உறை, வாசனையே இருக்காது, விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். ஒரு உறை எட்டு ரூபாய், ஆன்லைனில் நூறாக வாங்கினால் இதைவிடக் குறைவு, ஆனால் பத்து மட்டும் வேண்டும் என்றால் இங்கேதான் கிடைக்கும். இந்த வெயிலைத் தாண்டியும் என் நோட்டுகள் அப்படியே இருக்கின்றன. கிழிந்த நோட்டுக்குச் செல்லோடேப் ஒட்டாதே, கழுவாதே, இஸ்திரி போடாதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

கல்யாண மொய்க்குப் புது ஒரு ரூபாய் நோட்டுக் கட்டும், ரம்ஜானுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்க 786 என்று முடியும் பத்து ரூபாய் நோட்டும் கிடைக்கும். விசேஷ நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. எதிலும் விலை ஒட்டியிருக்காது, கேட்டால்தான் சொல்வார், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வெறும் கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். இது மாறவேண்டும், அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே கிட்டத்தட்ட பாதி வித்தியாசம், கடை வாடகை கொடுக்கிறவருக்கு அது நியாயம்தான், ஆனால் லாபத்துக்காக நோட்டு சேர்க்க நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். ஒரே டியூப்லைட்டில் நோட்டின் உண்மையான நிறம் தெரியாது, பெரிய விலைக்கு வாங்குவதானால் சந்து வாசலில் வெயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், அவர் தடுக்க மாட்டார். வண்டி நிறுத்த இடமே இல்லை, கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை விலைச்சீட்டு ஒட்டாததற்கு.

அக்காவையும் போன மாதம் கூட்டிக்கொண்டு போனேன். பாய் டிராக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, இது பத்து ரூபாய்க்குக்கூட நான் வாங்கமாட்டேன் என்று நேராகச் சொன்னார், பிறகு அக்கா ஏமாந்த கதையைக் கேட்டு, பணம் அனுப்பிய விவரத்தை எடுத்துக்கொண்டு 1930-க்குப் போன் பண்ணச் சொன்னார், அதுதான் சைபர் மோசடிக்கான உதவி எண். அக்கா அவர் எதிரிலேயே பேசிப் புகார் பதிவு செய்தார். பணம் இன்னும் வரவில்லை.

இப்போது நான் தேடுவது ஒன்றே ஒன்று. காந்தி பிறந்து நூறு ஆண்டு ஆனதற்கு 1969-ல் வந்த நோட்டு, உட்கார்ந்த காந்தியும் பின்னால் சேவாகிராம ஆசிரமமும் இருக்கும். அதில் எல்.கே. ஜா கையெழுத்து சாதாரணமாகக் கிடைக்கும், பி.என். அடார்கர் கையெழுத்துதான் கஷ்டம், அவர் 1970-ல் 42 நாள் மட்டும் ஆளுநராக இருந்தவர். பாய் இத்தனை வருஷத்தில் அதைச் சில்லறையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். நான் தினமும் பார்க்கிறேன்.

காலை பதினொன்றிலிருந்து ராத்திரி எட்டு வரை இருப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போகாதீர்கள், மூன்று மணிக்கு மேல் போங்கள். நோட்டை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.